மூளைக் கந்தோர்

மட்டக்களப்பு வாவியில் தோணி இறக்குவதற்கு மூளை குறைவாக இருக்க வேண்டும் என்று தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம் சட்டம் வந்தது. சட்டம் என்று சொல்வது பிழை, சுற்றறிக்கை. யுத்த காலத்தில் சட்டத்தை விடச் சுற்றறிக்கைக்குத்தான் மரியாதை. சட்டம் கொழும்பில் இருந்தது. சுற்றறிக்கை சென்றிக் காவலரணில் ஒட்டியிருந்தது.

அதற்கு முன்பெல்லாம் அடையாள அட்டையைக் காட்டிப் பாஸ் எடுத்து, காலை ஆறு மணிக்கு வாவிக்குப் போய் மாலை நாலு மணிக்குள் கரையேறினால் போதும். ஆனால் மீனவர் என்று சொல்லிக்கொண்டு மீனவர் அல்லாதவர்களும் தோணியில் திரிகிறார்கள் என்று உரிய தரப்புக்கு ஒரு சந்தேகம். உரிய தரப்பு என்றால் யார் என்று என்னிடம் கேட்க வேண்டாம். அந்தக் காலத்துக் கடிதங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான் இருந்தது, யாரும் விளக்கம் கேட்கவில்லை.

சந்தேகத்தைத் தீர்த்துவைக்க முன்வந்தவர் கலாநிதி வினாயகமூர்த்தி. வெளிநாடொன்றில் ஏழு வருடம் மூளையை அளக்கப் படித்துவிட்டு வந்தவர். அடையாள அட்டையைக் களவாக அடிக்கலாம், மூளையைக் களவாக அடிக்க முடியாது என்பது அவருடைய வாதம். எந்தத் தொழிலுக்கு எவ்வளவு மூளை என்று ஓர் அட்டவணையும் அவரிடம் இருந்தது. வைத்தியர் நூற்றிருபது, கணக்காளர் நூற்றைந்து, லிகிதர் நூறு, கமக்காரர் எழுபது. மீனவர் நாற்பது முதல் அறுபது வரை. ஆகவே அறுபதுக்கு மேல் எடுத்தவர் மீனவர் அல்லர், அவருக்குப் பாஸ் இல்லை. அறுபதுக்குள் எடுத்தவர் அசல் மீனவர், தோணியை இறக்கலாம். இந்த அறுபது என்கிற இலக்கம் மட்டும் பரம இரகசியம்.

செட்டிபாளையத்தில் பூட்டிக் கிடந்த ஐஸ் மடுவக் கொட்டகை ஒன்றைத் திறந்து, வெள்ளை அடித்து, 'வாவிக்கரை நுண்மதி அளவீட்டு நிலையம்' என்று பலகை மாட்டினார்கள். சனங்கள் அதை மூளைக் கந்தோர் என்றார்கள். அவ்வளவு நீளமான பெயரை வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

அறுபது என்ற இரகசியம் செட்டிபாளையத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கத் தேவையும் இருக்கவில்லை. அஞ்சாறு வருடமாகவே அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கையில் தாளும் பேனையும் வைத்திருக்கிற ஒருவர் எதைக் கேட்டாலும் "தெரியா" என்று சொல்வதுதான் அது. நேற்று இங்கே யார் வந்தது? தெரியா. இந்த ஒழுங்கை எங்கே போகிறது? தெரியா. உன் வீடு எது? அதுவும் தெரியா. "தெரியும்" என்று சொன்னவனை மேலும் விசாரிப்பதற்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். "தெரியா" என்று சொன்னவனுக்கு இரண்டு அறை விழும், வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டில் எது இலாபம் என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அந்த ஊரில் யாருக்கும் மூளை குறைவாக இருக்கவில்லை.

முதல் மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரைச் சோதித்தார்கள். ஒரு படம். கூரையில் இருந்து புகை வருகிற ஒரு வீடு. இதில் என்ன குறைகிறது? புகைபோக்கி குறைகிறது என்பது சரியான விடை. பழக்கத்தை மறந்து வாயைத் திறந்த பத்துப் பதினைந்து பேரும் "வீடு எரியுது, ஆக்களைக் காணல்ல" என்றார்கள். சைபர். இன்னொரு கேள்வி: நடுரோட்டில் முத்திரை ஒட்டிய பொதி ஒன்று கிடக்கிறது, நீர் என்ன செய்வீர்? எடுத்துப் போய் அருகிலுள்ள தபாற்கந்தோரில் ஒப்படைப்பேன் என்று சொல்ல வேண்டும். அந்த விடையின்படி நடந்த ஒருவர் அந்தக் காலத்து மட்டக்களப்பில் உயிரோடு இருந்தால் அவரைப் பார்க்க எனக்கும் ஆசைதான். எங்கள் ஆட்கள் "குப்புறப் படுப்பன்" என்றார்கள். அதற்கும் சைபர்.

இருநூற்றுப் பதின்மூன்றாவது ஆளாகப் போனவர் கோணாமலை. வயது நாற்பத்தாறு. சொத்து ஒரு தோணி, ஒரு வீச்சுவலை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் ஸஹீதா. காத்தான்குடியில் இருந்து பஸ்ஸில் வந்து போகிற பிள்ளை, ஆசிரியர் நியமனம் வரும்வரைக்கும் இந்த வேலை.

"அண்ணன், பனி ஏன் உருகுது?"

"தெரியா."

"ஒரு தோணி மணிக்கு மூணு மைல் போகுது. அஞ்சு மணித்தியாலத்தில எவ்வளவு தூரம் போகும்?"

கோணாமலைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கச்சான் காற்றா, வாடைக் காற்றா? இடையில் எத்தனை சென்றி? நாலு மணிக்குக் கரையேற வேண்டாமா? எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு "தெரியா" என்றார்.

இப்படியே போயிருந்தால் அன்றே நாற்பதோ நாற்பத்திரண்டோ வாங்கிக்கொண்டு மனுசன் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் கடைசியில் பேச்சில்லாத சோதனை என்று ஒன்று இருந்தது. வளைந்து வளைந்து, பிரிந்து பிரிந்து போகிற பாதைகள் உள்ள இருபது படங்கள். முட்டாமல் உள்ளே போய் வெளியே வர வேண்டும். ஸஹீதா பென்சிலைக் கையில் கொடுத்தாள். கோணாமலை பார்த்தார். வாவிக்கரைக் கண்ணாப் பற்றைகளுக்குள் ஓடுகிற வாய்க்கால்களை மேலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. இருபத்தெட்டு வருடமாக அவர் போய் வருகிற இடம். தெரியா என்பது வாய்க்குப் பழகிய பாடம், கைக்கு அதை யாரும் பழக்கியிருக்கவில்லை. பதினொரு நிமிடத்தில் இருபது படமும் முடிந்துவிட்டன. ஓரிடத்திலும் முட்டவில்லை. ஸஹீதா மணிக்கூட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு எழுதிக்கொண்டாள்.

பங்குனி முடிவில் சான்றிதழ் வழங்கும் விழா நடந்தது. ஊரார் எல்லாரும் கட்டாயம் வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், வந்தார்கள். பணிப்பாளர் கலாநிதி வினாயகமூர்த்தி மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த மீனவப் பெருமக்களே! உங்கள் ஊரின் சராசரி நுண்மதி நாற்பத்து மூன்று. எனது மனமார்ந்த வாழ்த்துகள்." அவர் கை தட்டினார். சனமும் தட்டியது. "மீனவருக்கு மூளை குறைவு என்று எப்படிச் சொல்லலாம் என்று சிலர் கேட்கிறார்கள். விளக்குகிறேன். மூளை குறைவு என்பதால்தான் ஒருவர் மீனவர் ஆகிறார். அவர் மீனவர் என்பதால் அவருக்கு மூளை குறைவு என்பது எமக்குத் தெரிகிறது. ஒன்றை ஒன்று எவ்வளவு அழகாகத் தாங்குகிறது, பாருங்கள்! விஞ்ஞானத்தில் இதை நம்பகத்தன்மை என்போம். இந்த வினாத்தாள் குளிர்நாடு ஒன்றில் ஆயிரத்து இருநூறு பிள்ளைகளை வைத்துத் தயாரிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர்கூட உங்களைப் பார்த்ததில்லை, நீங்களும் அவர்களைப் பார்த்ததில்லை. ஆகவே பக்கச்சார்பு என்ற பேச்சுக்கே இடமில்லை."

பிறகு பெயர் கூப்பிட்டுச் சான்றிதழும் பாஸும் கொடுத்தார்கள். ஆகக் குறைந்த நாற்பது எடுத்த ஒருவருக்கு மாலை போட்டுப் படம் பிடித்தார்கள். கோணாமலையின் பெயர் கடைசி வரைக்கும் வரவில்லை. எல்லாரும் எழும்பிய பிறகு ஒரு நீட்டுக் கடித உறையை அவருடைய கையில் கொடுத்தார்கள்.

வீட்டில் அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளைதான் அதை உடைத்து வாசித்தாள்.

"மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களது நுண்மதி ஈவு 118 என அறியத்தருகிறேன். மீனவர் ஒருவர் இதனைப் பெறுவது அட்டவணைப்படி சாத்தியமற்றதாகையால் தாங்கள் மீனவர் அல்லர் எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. தங்களது பாஸ் இத்தால் நிறுத்தப்படுகிறது. தாங்கள் உண்மையில் யார் என்பதனைப் பதினான்கு தினங்களுக்குள் தெரியப்படுத்தத் தவறின், தங்களது விபரம் உரிய தரப்புக்கு அனுப்பி வைக்கப்படும்."

சீதேவிப்பிள்ளை கடிதத்தை மடித்தாள். "நூற்றிப் பதினெட்டா? உங்களுக்கு என்ன பேய் பிடிச்சது?"

"நான் ஒண்டும் சொல்லல்ல, புள்ள. கைதான் கீறிப் போட்டுது."

"இருநூறு பேர் போனாங்க. ஒருத்தரும் கீறல்ல. உங்கட கைக்குத்தான் அவசரம்!"

அவளுக்குப் பயம். அடுப்பில் கிடந்த கறி அடிப்பிடிக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நீ உண்மையில் யார் என்று உரிய தரப்பு கேட்க ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். உலை வைக்க அரிசி இருக்கிறதா என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுநாள் காலை கோணாமலை வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனார்.

"ஐயா, நான் மீன்புடிக்கிற ஆள்தான். கையைப் பாருங்க. வலைக்கயிறு அறுத்த தழும்பு."

"தழும்பு தொழிலைக் காட்டாது. புள்ளிதான் காட்டும்" என்றார் பணிப்பாளர்.

"வலை வீசிக் காட்டட்டா?"

பணிப்பாளர் யோசித்துவிட்டு, விஞ்ஞானம் எதற்கும் அஞ்சாது என்று சொல்லி முற்றத்துக்கு வந்தார். கோணாமலை இரண்டு அடி பின்னால் வைத்து, இடுப்பை ஒடித்து வீசினார். வலை வட்டமாக விரிந்து, நன்கொடையாக வந்த வெள்ளை ஜீப்பின் மேல் ஒரு மடிப்பும் இல்லாமல் விழுந்தது. டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தூக்கம் கலையவில்லை.

பணிப்பாளர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு பேனையை எடுத்தார். "தூரத்தை மட்டிடல். காற்றைக் கணித்தல். விசையைப் பகிர்தல். மூன்றும் ஒரே கணத்தில்! நூற்றிப் பதினெட்டில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது, இப்போது தீர்ந்துவிட்டது. நீர் மீனவராக இருக்கவே முடியாது."

"அப்ப நான் ஆர், ஐயா?"

"அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்."

கோணாமலை ஜீப்பின் மேலிருந்த வலையை இழுத்தார். வலையைச் சுருட்டியபடி, தெரியாத்தனமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டார். "ஐயாவுக்கு எத்தனை புள்ளி?"

மடுவத்தில் எல்லாரும் தட்டச்சை நிறுத்தினார்கள். பணிப்பாளர் கோபப்படவில்லை. "அடிமட்டத்தை எதனால் அளப்பது?" என்று அன்பாகக் கேட்டார். "அளக்கிறவனை அளக்க ஆரம்பித்தால் நாட்டில் ஒழுங்கு எங்கே இருக்கும்? மேன்முறையீடு செய்யும். ஒரு தடவை மறுபரிசோதனைக்கு இடமுண்டு."

முற்றத்தைக் கடக்கும்போது ஸஹீதா தண்ணீர் குடிக்க வருகிற மாதிரிப் பின்னால் வந்தாள்.

"அண்ணன், அறுபதைத் தாண்டினாத்தான் பிரச்சினை. நான் சொன்னதெண்டு சொல்லிராதீங்க."

"அப்ப எல்லாத்துக்கும் பிழையாச் சொல்லட்டா, தங்கச்சி?"

"அல்லாவே, அது மட்டும் வேணாம்! வாகரையில ஒரு ஆள் வேணுமெண்டே எல்லாத்தையும் பிழையாச் சொன்னார். சரி எதெண்டு தெரிஞ்சாத்தான் அவ்வளவு ஒழுங்காப் பிழை விடலாமெண்டு பணிப்பாளர் சேர் நூற்றி முப்பத்தொண்டு போட்டார். இப்ப அந்த மனுசன் எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியா. நீங்க எப்பவும் சொல்லுறதையே சொல்லுங்க. கையையும் பாத்துக்கங்க."

ஒன்பது நாள் வீட்டில் பயிற்சி நடந்தது. சீதேவிப்பிள்ளை அகப்பையைப் பேனையாகப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டாள். இண்டைக்கு என்ன கிழமை? தெரியா. மீன் எங்க இருக்கும்? கோணாமலை "கச்சான் நேரத்தில எண்டா" என்று தொடங்கினார், அகப்பையால் ஒன்று விழுந்தது. படிப்பு ஏறாத பிள்ளைக்கு அடித்துப் படிப்பிக்கிற உலகத்தில், படித்ததை இறக்கச் சொல்லி அந்த மனுசனுக்கு அடி விழுந்தது. கடைசி மூன்று நாளும் மண்ணில் ஒழுங்கைகள் கீறி, சுவருக்குச் சுவர் முட்டப் பழக்கினாள். அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். முட்டப் போகிற இடத்தில் விரல் தானாகத் திரும்பிவிடும்.

பதின்மூன்றாம் நாள் மறுபரிசோதனை. பணிப்பாளரே நேரில் உட்கார்ந்தார், ஸஹீதா புள்ளி எழுதினாள். முப்பத்தைந்து கேள்விக்கும் தெரியா. பாதைப் படங்களில் கோணாமலை கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே கோடு கீறினார். இருபது படத்திலும் இருபது தோணியைக் கொண்டுபோய்க் கண்ணா வேரில் மோதி உடைத்தது போல நெஞ்சு வலித்தது. பணிப்பாளரின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"நல்ல முன்னேற்றம்" என்றார். "இறுதிப் பகுதி. தன்னைப் பற்றிய அறிவு. ஐந்து வினாக்கள், வினாவுக்கு இரண்டு புள்ளி. உமது பெயர்?"

"தெரியா."

"வயது?"

"தெரியா."

"ஒரு கையில் எத்தனை விரல்?"

"தெரியா."

"உமது ஊர்?"

"தெரியா."

"உமக்கு எத்தனை பிள்ளைகள்?"

கோணாமலைக்கு இரண்டு பிள்ளைகள். இளையவள் கண்ணகை, ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். மூத்தவன் நல்லரத்தினம். தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம், பத்தொன்பது வயதில், வலைநூல் வாங்கச் சைக்கிளில் களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போனவன். வழியில் மறித்தவர்கள் ஏதோ ஒரு வீட்டைக் கேட்டார்களாம், தெரியும் என்றானாம். ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். யார் ஏற்றியது என்று கேட்டால் அவர்களும் தெரியா என்றார்கள். ஐந்து வருடமாக எந்த முகாமின் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. உயிரோடு இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்."

"தெரியா" என்றார் கோணாமலை. மற்ற முப்பத்தொன்பதும் பொய் என்று அவருக்குத் தெரியும். இது பொய்யா உண்மையா என்று பிடிபடவில்லை. ஸஹீதா தாளில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

பணிப்பாளர் கூட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியாதவருக்கும் நாற்பது கொடுப்பது நிலையத்தின் வழக்கம். முதற் சோதனையில் எடுத்த பாவப் புள்ளியிலும் ஒரு பங்கு சேர்ந்தது. மொத்தம் ஐம்பத்தொன்பது.

"வாழ்த்துகள். நீர் மீனவர்தான்" என்று எழும்பி நின்று கை கொடுத்தார். "பிள்ளைகளின் எண்ணிக்கைகூடத் தெரியாத ஒருவர் எப்படி நூற்றிப் பதினெட்டு எடுத்தார் என்பதுதான் புதிர். பென்சிலில் ஏதோ கோளாறாக இருக்கலாம்."

பாஸ் கையில் கிடைத்தது. வீட்டுக்குப் போனதும் சீதேவிப்பிள்ளை அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சினாள். கோணாமலை குடிக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, அங்க ஏதும் ஏசினாங்களா?"

"இல்ல. கடைசியா எத்தனை புள்ளைகள் எண்டு கேட்டாங்க."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னீங்க?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். அவளுக்கு விளங்கிவிட்டது.

"கூப்பன் கந்தோரில ஒரு புள்ளைக்குத்தான் அரிசி எண்டு வெட்டினாங்க. நான் ரெண்டு எண்டுதான் சொன்னன். வாக்காளர் இடாப்பில வெட்டப் பாத்தாங்க. ரெண்டு எண்டுதான் சொன்னன். முகாமில துவக்கை வெச்சுக்கொண்டு கேட்டான், அவனுக்கும் ரெண்டு எண்டுதான் சொன்னன்." அவள் பாஸை அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஒரு தாளில இல்லாமப் போனா மத்தத் தாள் எல்லாத்திலயும் இல்லாமப் போயிரும். நாளைக்குப் பெத்த தகப்பனே தெரியா எண்டு சொன்னவர்தானே எண்டு காட்டுவாங்க."

"பாஸ் போயிரும், புள்ள. ஆளையும் அனுப்பிருவாங்க."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் சீதேவிப்பிள்ளை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

விடிந்ததும் ஊர் முழுக்கத் தோணி இறக்கியது. கோணாமலை தோணியடிக்குப் போய், கயிற்றை அவிழ்த்து, திரும்பவும் கட்டிவிட்டுக் கந்தோருக்கு நடந்தார். பணிப்பாளர் அப்போதுதான் வந்து கதிரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நேற்று ஒரு விடை பிழையாச் சொல்லிட்டன். மாத்த வேணும்."

"எந்த விடை?"

"கடைசி. எனக்கு ரெண்டு புள்ளைகள்."

பணிப்பாளர் கோவையை எடுத்துத் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. அவர் கெட்ட மனுசர் இல்லை, கூட்டல் தெரிந்தவர். "நன்றாக யோசித்தீரா? சரியான விடைக்கு இரண்டு புள்ளி கொடுத்தே ஆகவேண்டும். ஐம்பத்தொன்பதும் இரண்டும் அறுபத்தொன்று. அறுபத்தொன்று எடுத்தவர் மீனவர் அல்லர். நேற்று எவ்வளவு அழகாகச் செய்தீர்! இந்தச் சின்ன விடயத்துக்காக ஏன் கெடுத்துக்கொள்கிறீர்? நாளைக்கு உரிய தரப்பு வந்து கேட்டால் நான் என்ன சொல்வது?"

"அண்ணன்" என்றாள் ஸஹீதா.

கோணாமலை சட்டைப் பையில் இருந்து பாஸை எடுத்து மேசையில் வைத்தார்.

"ரெண்டு எண்டு எழுதுங்க, ஐயா."

பணிப்பாளர் பெருமூச்சு விட்டார். தெரியா என்று இருந்த இடத்தை வெட்டி இரண்டு என்று எழுதினார். புள்ளியைத் திருத்தினார். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். பிறகு விதிப்படி கேட்டார்.

"முதலாவது கண்ணகை. அந்தப் பெயர் கோவையில் இருக்கிறது. இரண்டாவது பிள்ளையின் பெயர்?"

"ரெண்டாவது இல்ல, ஐயா. அவன்தான் மூத்தவன்" என்றார் கோணாமலை. "நல்லரத்தினம்."